சாயங்காலம் ஆனா கால் கனக்குதா? நிணநீர் ஓட்டத்தைக் காக்கும் அன்றாடப் பழக்கங்கள் - ஆரணி தறிக்குழியிலிருந்து ஒரு விளக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, சமணர் குன்றுக்குப் பெயர்பெற்ற திருமலை என இந்தப் பக்கம் போனால் தறிச் சத்தம் காதில் விழாமல் இருக்காது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணி பட்டு இங்கேதான் நெய்யப்படுகிறது. குழித்தறியில் உட்காருகிறவருக்கு உடம்பு மேலே, கால் இரண்டும் குழிக்குள்ளே. காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது. சாயங்காலம் "கால் கனக்குது", "செருப்பு இறுக்குது" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கும்.

தறி மட்டுமில்லை. தையல் மெஷின், கடை கல்லா, கம்ப்யூட்டர், பஸ் ஸ்டியரிங் என உட்கார்ந்த இடத்திலேயே நாள் ஓடும் எல்லோருக்கும் இதே கதைதான். "அலுப்பு, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆனால் எப்போது அது வெறும் அலுப்பு இல்லை? அதைத் தெரிந்துகொள்ள, உடம்பில் நாம் அதிகம் பேசாத ஒரு மண்டலத்தைப் பற்றித் தெரிய வேண்டும். அதுதான் நிணநீர் மண்டலம்.

நிணநீர் என்றால் என்ன?

ரத்தம் ஓடும் மெல்லிய குழாய்களிலிருந்து எப்போதும் கொஞ்சம் திரவம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். திசுக்களுக்குச் சத்து போய்ச் சேர இந்தக் கசிவு தேவை. கசிந்ததில் ஒரு பகுதி மறுபடி ரத்தத்துக்குள் வந்துவிட வேண்டும். திசுவில் மிஞ்சி நிற்கும் திரவம், புரதம், கிருமி, செத்த செல்கள் ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும் தனி வாய்க்கால்தான் நிணநீர்க் குழாய்கள். அதில் ஓடும் திரவம்தான் நிணநீர்.

இப்படி ஒரு நாளைக்கு ரத்தத்துக்குத் திரும்பும் நிணநீர் சுமார் 3 லிட்டர். நம் ரத்தத்தில் உள்ள திரவப் பகுதி மொத்தமுமே ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த வாய்க்கால் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

வழியில் நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் இவை அதிகம். கிருமியை வடிகட்டி, அதோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களைத் தயார் செய்வது இவற்றின் வேலை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் "நெறி கட்டிடுச்சு" என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அது இந்த முடிச்சு வீங்குவதுதான். பேர் தெரியாமலே நாம் பல தலைமுறையாகக் கவனித்து வந்த மண்டலம் இது.

இதயம் மாதிரி இதற்கு ஒரு பம்ப் இல்லையா?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாங்களாகவே மெல்லச் சுருங்கி விரியும். பின்னால் திரும்பி ஓடாமல் இருக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகளும் உண்டு. ஆனால் பாதத்திலிருந்து கழுத்து வரை, புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும் என்றால் வெளியிலிருந்தும் உதவி தேவை.

அந்த உதவி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று தசை, முக்கியமாக கெண்டைக்கால் தசை. நடக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டும்போதும் அது சுருங்கி, பக்கத்தில் ஓடும் குழாய்களைப் பிழிந்துவிடும். இன்னொன்று மூச்சு. வயிறு உப்பும்படி ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் அழுத்தம் மாறும். அந்த மாற்றம் நிணநீரை மேல்நோக்கி இழுக்கும். இரண்டு கால்களிலிருந்து வரும் நிணநீர் முழுவதும் கடைசியில் இடது கழுத்துக்குக் கீழே உள்ள பெரிய ரத்தக் குழாயில்தான் போய்ச் சேர்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் அசைந்தால் அதுவும் ஓடும். நீங்கள் உட்கார்ந்தே இருந்தால் அதன் வேகமும் குறையும்.

குழித்தறியில் என்ன நடக்கிறது?

தறியில் மிதிகட்டையை மிதிப்பதால் காலுக்கு அசைவு கிடைக்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். கல்லாவில் அசையாமல் உட்காருகிறவரைவிட நெசவாளர் காலுக்குக் கொஞ்சம் அசைவு கூடுதல்தான். ஆனால் சிக்கல் இரண்டு. கால் மணிக்கணக்கில் தொங்கியே இருக்கிறது. ஒரே காலால் மிதித்துப் பழகியவர்களுக்கு இன்னொரு கால் சும்மாவே கிடக்கிறது. தார் சுற்றுகிறவர்களோ சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுவதில்லை.

தொங்கும் காலில் ரத்தக் குழாய்களின் அழுத்தம் கூடும், கசிவும் கூடும். கூடுதல் சுமை நிணநீர்க் குழாய் தலையில் விழும். சமாளிக்கும் வரை சமாளிக்கும். முடியாதபோது கணுக்காலைச் சுற்றி லேசாக வீங்கும். ராத்திரி படுத்ததும் வடிந்துவிடும். இது நோய் இல்லை. ஆனால் "என்னை அசை" என்று கால் கேட்கிறது என்று அர்த்தம்.

"எழுந்தா கூலி போகுதே!" - என்ன செய்வது?

நெசவுக்குக் கூலி புடவைக் கணக்கில். முகூர்த்த மாதங்களில் ஆர்டர் நெருக்கும். 'அரை மணிக்கு ஒருதரம் வாக்கிங் போங்க' என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். அதனால் வேலைக்கு நடுவே தானாக வரும் இடைவெளிகளைப் பயன்படுத்துவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

1. தார் தீரும்போது கணுக்கால் பயிற்சி. நாடாவில் புதுத் தார் மாட்டும்போதும் அறுந்த இழையை முடி போடும்போதும் இரண்டு பாதத்தையும் முன்னுக்கும் பின்னுக்கும் 20 முறை ஆட்டுங்கள். பிறகு வட்டமாக 10 முறை சுற்றுங்கள். எழுந்திருக்கவே வேண்டாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

2. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள், 15 முறை. தண்ணீர் குடிக்கப் போகும் நடையே போதும். எட்டு மணி நேர வேலையில் இதற்கு மொத்தமே 20 நிமிஷம்தான் செலவாகும்.

3. வயிற்று மூச்சு. ஒரு கையை வயிற்றில் வைத்து, அது மேலே எழும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடுங்கள். காலை ஐந்து, மாலை ஐந்து என்று ஆரம்பிக்கலாம்.

4. தினமும் 30 நிமிஷ நடை. ஒரே மூச்சில் முடியாவிட்டால் 10 நிமிஷமாக மூன்று தடவை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. திருமலைக் குன்றுப் பக்கம் இருப்பவர்கள் முழங்கால் ஒத்துழைத்தால் படி ஏறி இறங்கலாம். கெண்டைக்காலுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

5. ராத்திரி காலுக்குத் தலையணை. படுத்தபடி 15 முதல் 20 நிமிஷம் கால் இரண்டையும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யவும்.

6. இறுக்கமான உடை வேண்டாம். காலில் ஆழமாகத் தடம் பதிக்கும் எலாஸ்டிக், இறுக்கிக் கட்டிய உள்பாவாடை நாடா, இறுகிய கொலுசு ஆகியவற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேல்தோலுக்குக் கொஞ்சம் கீழேயே நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

7. உப்பு குறையட்டும், எடை கட்டுக்குள் இருக்கட்டும். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதிக உடல் பருமன் நிணநீர் ஓட்டத்தையே கெடுக்கும்.

காலைக் கழுவித் துடைப்பதில் என்ன இருக்கிறது?

பலர் தவறவிடுவது இதைத்தான். தறிக்குழி மழைக்காலத்தில் ஈரம் கசியும். ஈரத்திலேயே கால் இருந்தால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும், வெயில் காலத்தில் பித்தவெடிப்பு. இந்தச் சின்னக் கீறல் வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். உள்ளே போன கிருமி நிணநீர்க் குழாயில் அழற்சியை உண்டாக்கும். ஒவ்வொரு தாக்குதலும் குழாயைக் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போகும். கெட்ட குழாயால் வீக்கம், வீங்கிய தோலில் மறுபடி கிருமி என்று இது ஒரு சுழல்.

அதனால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். விரல் இடுக்கை அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடையுங்கள். பாதத்திலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் போன்ற ஏதாவது தடவுங்கள், விரல் இடுக்கில் வேண்டாம். சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக்கான களிம்பு போட்டு முழுசாக ஆற விடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் ஒருமுறை பார்ப்பது கட்டாயம்.

யானைக்கால் நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிணநீர் அடைபட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்த ஊர். கும்பகோணம் என்றாலே ஒரு காலத்தில் யானைக்கால் நோயும் சேர்ந்து நினைவுக்கு வரும். நூல் போன்ற ஒரு புழு கொசு வழியாக உடம்புக்குள் போய், நிணநீர்க் குழாயிலேயே குடியிருந்து, வருஷக்கணக்கில் அதைச் சிதைப்பதுதான் இந்த நோய். இதைப் பரப்புவது பெரும்பாலும் சாக்கடை, செப்டிக் டேங்க் போன்ற அழுக்குத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு.

இந்தியாவில் இதற்கான தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. 1975-ல் புதுச்சேரியில் நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அமைந்தது. 2004 முதல், நோய் உள்ள மாவட்டங்களில் ஊர் முழுவதுக்கும் வருஷம் ஒருமுறை மாத்திரை கொடுக்கும் முறை நாடெங்கும் வந்தது. நம் பக்கத்து நாடான இலங்கை, இந்த நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2016-ல் உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. இந்தியா வைத்துள்ள இலக்கு 2027.

நமக்கான பாடம் இரண்டு. முதலாவது, உங்கள் பகுதியில் மாத்திரை கொடுக்க வந்தால் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். புழு உடம்பில் இருந்தும் பல வருஷம் அறிகுறியே இல்லாமல் போகலாம். கர்ப்பிணிகள், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடுமையான நோயில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். லேசான காய்ச்சல், தலைவலி வந்தால், உள்ளே இருந்த புழுக்கள் சாவதால் வருவதாகவே பெரும்பாலும் இருக்கும். பயம் வேண்டாம், சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, கொசு. செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். வீட்டுச் சாக்கடையைத் தேங்க விடாதீர்கள். தறிக்குழி இருட்டும் ஈரமுமாக இருப்பதால் கொசு பதுங்க வசதியான இடம். அடிக்கடி கூட்டிக் காயவிடுங்கள். ராத்திரி கொசுவலை கட்டிப் படுங்கள். இந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் இரவில்தான்.

ஏற்கெனவே யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. பழைய வீக்கம் முழுதாகக் குறையாமல் போகலாம். ஆனால் தினமும் கழுவித் துடைப்பது, காலைத் தூக்கி வைப்பது, பாதத்தை ஆட்டுவது, இந்த மூன்றையும் விடாமல் செய்தால் குளிர்காய்ச்சலோடு வரும் வலித் தாக்குதல்கள் நன்றாகக் குறையும். இதற்கான டப்பு, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பொருட்களைச் சுகாதாரத் துறையே வழங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்துக்கு அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைத்து வைக்க வேண்டியதில்லை.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள் கவனத்துக்கு

அக்குள் முடிச்சுகளை எடுத்தாலோ அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ அந்தக் கையில் நிணநீர் தேங்கலாம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இப்படிக் கை வீக்கம் வருகிறது. சில மாதங்கள் கழித்தும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். வளையல், மோதிரம் திடீரென்று இறுக்குவதுதான் பலருக்கு முதல் அறிகுறி. அப்போதே போனால் கட்டு, அழுத்த உறை, பயிற்சி மூலம் கட்டுக்குள் வைக்கலாம். அந்தக் கையால் வேலையே செய்யக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும்படி படிப்படியாக வேலை கொடுப்பதுதான் நல்லது. சமையலில் சூடு படாமலும், ஊசி, கத்தி கீறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'டீடாக்ஸ்' ஜூஸ், மசாஜ், பிரஷ் - வேலை செய்யுமா?

மொபைலைத் திறந்தால் "நிணநீரைச் சுத்தம் செய்யும் பானம்" என்று வீடியோ வரும். எந்த ஜூஸும் நிணநீர்க் குழாய்க்குள் போய்க் கழுவாது. உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். தண்ணீர் குடிப்பது உடம்புக்குத் தேவை. ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தால் நிணநீர் வேகமாக ஓடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உலர்ந்த பிரஷ்ஷால் தோலைத் தேய்ப்பது, முகத்தில் கல் உருட்டுவது எல்லாம் தோலுக்குச் சுகமாக இருக்கலாம். நிணநீர் நோய்க்கு மருந்து ஆகாது. நிணநீர் வடிகால் மசாஜ் என்று ஒரு மருத்துவ முறை நிஜமாகவே உண்டு. ஆனால் அது மிக மென்மையாக, பயிற்சி பெற்றவர் செய்வது. வீங்கிய காலை எண்ணெய் போட்டு ஓங்கி நீவுவது அது இல்லை. திடீரென்று ஒரு கால் வீங்கி வலித்தால் நீவவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. வீக்கத்தின் மேல் சூடு போடுவது, கீறி விடுவது, பச்சிலை வைத்து இறுக்கிக் கட்டுவது எல்லாம் கிருமிக்கு வாசலைத் திறந்து வைப்பதுதான்.

காலுக்குப் போடும் அழுத்தக் காலுறைகளையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை நோயால் ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு அது கேடு.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கால் வீக்கம் எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் 10 விநாடி அழுத்துங்கள். குழி விழுந்தால் திரவம் தேங்கியிருக்கிறது. பிறகு பாதத்தின் இரண்டாவது விரல் அடியில் உள்ள தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தோல் தடித்து, கிள்ளவே வராவிட்டால் நிணநீர் வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய வேண்டியது டாக்டர்தான்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள்:

- ராத்திரி தூங்கி எழுந்தும் வடியாத வீக்கம்
- ஒரு கால் அல்லது ஒரு கை மட்டும் வீங்குவது
- குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து சூடாவது
- இரண்டு காலோடு முகமும் வீங்குவது, சிறுநீர் குறைவது (சிறுநீரகம், இதயம், கல்லீரல் காரணமாக இருக்கலாம்)
- கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டி 2 வாரத்துக்கு மேல் கரையாமல் இருப்பது, குறிப்பாக வலியில்லாமல் கெட்டியாக இருந்தாலோ, எடை குறைந்தாலோ, ராத்திரி வேர்த்துக் கொட்டினாலோ

ஒரு கால் திடீரென்று வீங்கி, கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-க்கு போன் செய்யுங்கள். சாதாரண மருத்துவச் சந்தேகங்களுக்கு 104.

யானைக்கால் நோய் சந்தேகம் என்றால் ரத்தம் எடுக்க ராத்திரி வரச் சொல்வார்கள். ஆச்சரியப்பட வேண்டாம். அந்தப் புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் ரத்தத்தில் நடமாடும்.

நாளை காலையிலிருந்து என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் வாரம் மூன்று மட்டும் போதும். தார் மாற்றும்போதெல்லாம் பாதத்தை ஆட்டுவது. வேலை முடிந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைப்பது. படுக்கும்போது காலுக்குத் தலையணை. தறி இல்லாதவர்கள் போன் பேசும்போதெல்லாம் எழுந்து நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் காசு செலவு இல்லை.

கூடவே ஒரு பழக்கம். சாயங்காலம் கழுவும்போது இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள். ஒன்று இன்னொன்றைவிடப் பருத்திருக்கிறதா, தோல் நிறம் மாறியிருக்கிறதா, எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா? பாவில் ஓர் இழை அறுந்ததும் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை. சீக்கிரம் பார்த்தால் நிணநீர் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். தள்ளிப் போட்டால் அது காலத்துக்கும் கூடவே வரும்.